ஒற்றைக் கோடு

மேடத்தின் வீட்டுக் கதவில் மரத்தில் செய்த பெயர்ப்பலகை ஒன்று இருந்தது. அதில் இரண்டு பெயர்கள். கீழே இருந்தது அவருடையது. மேலே அவர் கணவருடையது. அந்த மேல் பெயரின் குறுக்கே கறுப்புப் பெயின்டால் ஒரு கோடு போட்டிருந்தார். ஒரே கோடு. பெயரைத் தாராளமாகப் படிக்கலாம்.

முதல் முறை அவரை ஆட்டோவில் அழைத்துப் போக வந்தபோது அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். கதவைத் திறந்தவர் என் பார்வை போன இடத்தைக் கவனித்தார்.

“என்ன இப்படி அடிச்சு வச்சிருக்காங்கன்னு பாக்கறீங்களா?”

“இல்லீங்க மேடம்.”

“அவர் இங்க இருந்தது நிஜம். இப்ப இல்லைங்கறதும் நிஜம். பலகையைக் கழட்டிட்டா மொத நிஜம் போயிடும் இல்லையா? ஸ்வல்ப இருங்க, பையை எடுத்துட்டு வரேன்.”

அந்த மனிதர் இறந்தாரா, பிரிந்து போனாரா என்று நான் கேட்கவில்லை. ஆறு வருடம் மேடத்தை ஏற்றி இறக்கினேன். கடைசிவரை கேட்கவில்லை. கேட்கிற ஆள் இல்லை நான். சவாரி எங்கே என்று கேட்பதற்கே இரண்டு முறை தொண்டையைச் செருமிக்கொள்கிறவன்.

மேடத்தின் அப்பா ரயில்வே வேலைக்காக மைசூருக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். அதனால் மேடத்தின் தமிழில் கன்னடமும் இங்கிலீஷும் கலந்திருக்கும். ‘ஸ்வல்ப’ என்றால் கொஞ்சம். ஒரு வேலை முடிந்தால் ‘ஆயித்து’ என்பார். ஊரில் ஒரு மருத்துவக் கல்லூரியில், உடம்பு எப்படி வேலை செய்கிறது என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தார். ஊசி போடுகிற டாக்டர் இல்லை. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். நான் எங்கள் ஊரான மார்டள்ளியில் அஞ்சாவது வரை படித்துவிட்டு, மைசூர் மண்டி மொஹல்லாச் சந்தையில் மூட்டை இறக்க வந்து, பிறகு ஆட்டோ ஓட்ட ஆரம்பித்தவன். எங்கள் ஸ்டாண்டில் மற்றவர்கள் கூவிக் கூவிச் சவாரி பிடிப்பார்கள். நான் வண்டிக்குள் உட்கார்ந்திருப்பேன். என்னைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுதான் காரணம் என்று மேடம் பிறகு சொன்னார்.

“சவரி, எனக்குக் கத்தாத ஆள் வேணும். என் ஆளுங்களுக்குச் சத்தம் ஆகாது.”

அவர் ஆட்கள் என்றது நோயாளிகளை. அவர்கள் எல்லோருக்கும் எப்போதோ ஒரு காய்ச்சல் வந்திருக்கும். காய்ச்சல் போய்விடும், பழைய ஆள் திரும்பி வருவதில்லை. கொஞ்சம் நடந்தால், குளித்தால், சேர்ந்தாற்போல் பத்து நிமிடம் பேசினால் போதும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மறுநாள் படுத்துவிடுவார்கள். சிலர் ஒரு வாரம், சிலர் ஒரு மாதம். எவ்வளவு தூங்கினாலும் தீராது. ரத்தம், எக்ஸ்ரே எல்லாம் சரியாகவே இருக்கும். அதற்கு நாள்பட்ட சோர்வு நோய் என்று பெயர். மேடத்துக்கு அந்தப் பெயரே ஆகாது. “சோர்வுன்னு சொன்ன உடனே எல்லாரும் எனக்கும் இருக்குங்கறாங்க” என்பார்.

என் மனைவி லூர்து அதைத்தான் சொன்னாள். “காலையில நாலு வீட்டுல பாத்திரம் கழுவிட்டு வந்து உங்களுக்குச் சோறு பொங்கறேன். எனக்கும் அலுப்புத்தான். உங்க மேடம் மருந்து கண்டுபிடிச்சா மொத பாட்டில் எனக்குன்னு சொல்லி வைங்க.”

நானும் சிரித்தேன். சிரித்த பிறகு எங்கள் ஊர் சின்னப்பன் நினைவுக்கு வந்தார். நல்ல உழைப்பாளி. ஒரு காய்ச்சலுக்குப் பிறகு மக்காச்சோளக் காட்டுப் பக்கமே வரவில்லை. கட்டிலிலேயே கிடந்தார். ஊரே அவரைச் சோம்பேறி என்றது. கோயிலுக்குப் போகிற வழியில் அவர் வீட்டு ஜன்னலில் கல் விட்டெறிந்து ஓடியவர்களில் நானும் ஒருவன். இதை நான் மேடத்திடம் சொல்லவில்லை.

மேடம் எனக்கு இரண்டு வேலை கொடுத்தார். ஒன்று, நோயாளிகளை வீட்டிலிருந்து கல்லூரிக்குக் குலுங்காமல் கொண்டுவருவது. எந்தத் தெருவில் எத்தனை வேகத்தடை என்று அப்போது மனப்பாடம் செய்தது, இன்றைக்கும் மறக்கவில்லை. இன்னொன்று, ஒரு சின்ன நோட்டில் நேரம் எழுதுவது. வீட்டுக் கதவைத் தாண்டிய நேரம், வண்டியில் ஏறிய நேரம், இறங்கிய நேரம், திரும்பி வீட்டுக்குள் போன நேரம். அந்தப் பழக்கத்தில் என் மற்ற சவாரிகளையும் அதிலேயே எழுத ஆரம்பித்தேன்.

முதல் வாரமே ஒரு நேரத்தைத் தப்பாக எழுதிவிட்டேன். பேனாவால் அதன்மேல் கிறுக்கு கிறுக்கென்று கிறுக்கி மறைத்துவிட்டுப் பக்கத்தில் சரியாக எழுதினேன். மேடம் நோட்டை வாங்கிப் பார்த்தார். திட்டவில்லை. கிறுக்கிய இடத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கண்ணைச் சுருக்கி, கீழே என்ன இருந்தது என்று தேடிக்கொண்டே இருந்தார். எனக்குத்தான் உட்கார முடியவில்லை.

“தப்பா எழுதினா குறுக்க ஒரே ஒரு கோடு. பக்கத்துல சரியானது. அதுக்குக் கீழ உங்க கையெழுத்து, மணி. அவ்வளவுதான். தப்பு கண்ணுக்குத் தெரியணும் சவரி. மறைச்சுட்டீங்கன்னா, சரியா எழுதினதையும் நான் நம்ப முடியாது.”

அது எல்லா ஆராய்ச்சிக்கூடத்திலும் இருக்கிற வழக்கம்தானாம். நாகராஜ் சொன்னார். நாகராஜ் அங்கே மிஷின்களைப் பார்த்துக்கொள்கிறவர். கன்னடக்காரர். நாங்கள் பேசிக்கொள்வது கன்னடத்தில்தான். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

“எல்லா இடத்துலயும் வழக்கம்தான். ஆனா யாரும் அதை வீட்டுக் கதவு வரைக்கும் கொண்டுபோறதில்ல” என்றார்.

நாகராஜுக்கு அந்த வழக்கத்தில் அடிபட்ட அனுபவம் உண்டு. ஒரு முறை பதிவேட்டில் ஒரு எண்ணின்மேல் வெள்ளைத் திரவம் பூசிவிட்டார். மேடம் பிளேடின் முனையால் அந்த வெள்ளையை அரைநாள் சுரண்டினார். வகுப்பு இருந்தது, போகவில்லை. சாப்பாடு வந்தது, தொடவில்லை. நாகராஜ் பக்கத்தில் நின்று, “மேடம், அந்த எண் எனக்கு ஞாபகம் இருக்கு, சொல்லிடறேனே” என்று கெஞ்சினார். “உங்க ஞாபகத்தை நான் எங்க ஒட்டறது?” என்றார் மேடம். கடைசியில் வெள்ளைக்குக் கீழே இருந்த பழைய எண் வெளியே வந்தது. அதன்மேல் ஒரு கோடு போட்டு, ‘ஆயித்து’ என்றார்.

எனக்கு அவரைப் பார்த்தால் மரியாதையாக இருக்கும். கூடவே கொஞ்சம் பயமாகவும் இருக்கும். அவர் கையில் பேனா சும்மா இருக்காது. வண்டியில் வரும்போதும் கட்டை விரலால் மூடியை அழுத்தி அழுத்தி எடுப்பார். பின்னாலிருந்து அந்த டிக் டிக் சத்தம் வரும்போது, நான் என்ன தப்புச் செய்தேன் என்று யோசித்துக்கொண்டே ஓட்டுவேன்.

சோதனை என்னவென்றால், ஒரே இடத்தில் நிற்கிற சைக்கிளை மிதிக்க வேண்டும். கல்லூரியின் விளையாட்டுப் பிரிவிலிருந்து கடன் வாங்கிய பழைய சைக்கிள். மூக்கையும் வாயையும் மூட ஒரு மாஸ்க். அதிலிருந்து மிஷினுக்கு ஒரு குழாய். மிதிக்க மிதிக்கச் சைக்கிள் கனமாகிக்கொண்டே போகும். இனி முடியாது என்கிற வரை மிதிக்க வேண்டும். மறுநாள் அதே நேரத்தில் வந்து, அதே போல் இன்னொரு முறை. நல்ல உடம்புக்காரர்கள் இரண்டு நாளும் ஏறக்குறைய ஒரே அளவு மிதிப்பார்கள். இந்த நோயாளிகள் இரண்டாம் நாள் அளவில் இறங்கிவிடுவார்கள். ரத்தத்தில் தெரியாதது அங்கே தெரியும். ஒரு டஜன் நோயாளிகள், அதே வயதில் ஒரு டஜன் நல்ல உடம்புக்காரர்கள், இவ்வளவு பேருக்குச் சோதனை செய்ய, சில வருடம் கேட்டுக் கேட்டு, ஒரு வருடத்துக்குச் சின்ன நிதி கிடைத்திருந்தது. அதைக் காட்டித்தான் மூன்று வருடத்துக்கான பெரிய நிதியைக் கேட்க வேண்டும். வெளியூரிலிருந்து நிபுணர் குழு வந்து பார்க்கும். அந்த நிதி வந்தால்தான் மேலே ஆராய்ச்சி. வராவிட்டால் அறையைப் பூட்ட வேண்டியதுதான்.

இதில் கொடுமை ஒன்று உண்டு. சோதனையே அவர்களைப் படுக்க வைத்துவிடும். கெட்டுப்போகிறது என்று காட்டுவதற்காகவே கெடுக்க வேண்டும். எல்லோருக்கும் மேடம் அதை முன்கூட்டியே சொல்லித்தான் கையெழுத்து வாங்குவார். கையெழுத்துப் போட்டு வந்தவர்களில் ஒருவர் ஸ்டெல்லா.

ஸ்டெல்லா நர்ஸாக இருந்தவர். முப்பத்தைந்து வயது இருக்கும். அம்மா தெரசம்மாவோடு இரண்டாவது மாடியில் குடியிருந்தார். தெரசம்மா தண்ணீர்ச் செம்பை வேண்டுமென்றே சமையலறையில் வைத்திருப்பார். “எந்திரிச்சு வந்து குடிக்கட்டும். நடந்தாத்தான் உடம்பு தேறும்னு டாக்டரே சொல்லிட்டாரு. எல்லாம் மனசுதான் தம்பி” என்பார். ஸ்டெல்லா சுவரைப் பிடித்துக்கொண்டு போய்க் குடித்துவிட்டு வருவதை நானே பார்த்திருக்கிறேன். சில நாள் பாதி வழியில் தரையில் உட்கார்ந்துவிடுவார்.

அவருடைய முதல் நாள் சோதனையன்று கல்லூரியில் லிஃப்ட் வேலை செய்யவில்லை. இரண்டு மாடி ஏறியே வந்துவிட்டார். மேடம், “முடியுமா? வேண்டாம்னா இன்னொரு நாள் வெச்சுக்கலாம்” என்றார். “வந்தது வந்தாச்சு மேடம்” என்றார் ஸ்டெல்லா. மேடம் ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு மாஸ்க்கை எடுத்து அவர் முகத்தில் மாட்டினார்.

மறுநாள் இரண்டாம் சோதனை முடிந்து வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோது ஸ்டெல்லாவால் காலை எடுத்துத் தரையில் வைக்க முடியவில்லை. கூச்சத்தோடு, தூக்கட்டுமா என்றேன்.

“தூக்குங்க அண்ணா. மூட்டைன்னு நினைச்சுக்குங்க. மண்டில எத்தனை தூக்கியிருப்பீங்க.”

“மூட்டை பேசாதும்மா. பேசாம வாங்க.”

சிரிக்கப் பார்த்தார். உதடு மட்டும் அசைந்தது. இரண்டு மாடி. வழியில் மூன்று இடத்தில் உட்கார வைத்தேன். உட்கார வைத்த இடத்தில் தலை ஒரு பக்கம் சாய்ந்துவிடும். மேலே போனதும் தெரசம்மா, “நல்லா நடிக்கிறா” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். நோட்டில் எழுதினேன்: வண்டியை விட்டு இறங்கியது மூன்று முப்பது, வீட்டுக்குள் போனது மூன்று ஐம்பத்தெட்டு.

ஸ்டெல்லா இரண்டு மாதத்துக்கு மேல் எழுந்திருக்கவில்லை. மேடம் வாரா வாரம் போய் வாசலில் நின்று பார்த்துவிட்டு வருவார். குழுவுக்குப் போகிற அறிக்கையில் தன் கையால் ஒரு வரி சேர்த்தார்: ‘படியேறி வந்தவரை அன்று சோதித்திருக்கக் கூடாது. தவறு என்னுடையது.’ நாகராஜ் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“காசு குடுக்கப் போறவங்ககிட்டப் போற பேப்பர் மேடம் இது. நம்ம தலையில நாமே மண்ணை வாரிப் போட்டுக்கணுமா?”

“நடந்தது தானே நாகராஜ்?”

“நடந்ததுதான்.”

“அப்ப இருக்கட்டும்.”

அந்த வாரம் எனக்கு மேடத்தின்மேல் கோபம் வந்தது. எழுதிவிட்டால் சரியாகிவிடுமா? கோடு போட்டால் ஸ்டெல்லா எழுந்துவிடுவாரா? கேட்கவில்லை. வண்டியைக் கொஞ்சம் வேகமாக ஓட்டினேன், அவ்வளவுதான். பின்னால் டிக் டிக் சத்தம்கூட அந்த வாரம் இல்லை.

நிதிக்கான விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்தது: இந்த நோயால் ஆண்டுக்கு எத்தனை பேர் இறக்கிறார்கள்? மேடம் அதை வண்டியில் உட்கார்ந்து எனக்குப் படித்துக் காட்டினார். “சாகடிக்கிற நோய்க்குத்தான் முதல்ல காசு சவரி. அது நியாயம்தான். ஆனா இதுல யாரும் சாகறதில்ல. பத்து வருஷம், இருபது வருஷம் படுத்துக் கிடப்பாங்க. அதுக்கு இந்த ஃபாரத்துல கட்டமே இல்ல.” பிறகு பேனாவை எடுத்து, ‘சாவதில்லை, வாழ்வதுமில்லை’ என்ற அர்த்தத்தில் இங்கிலீஷில் எழுதினார். அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். குறுக்கே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் பூஜ்யம் எழுதிக் கையெழுத்திட்டார். அந்தப் பிரதியே குழுவுக்குப் போயிற்று. கோட்டுக்குக் கீழே இருந்ததை அவர்கள் தாராளமாகப் படித்திருக்கலாம்.

இனி என் தப்பைச் சொல்ல வேண்டும்.

நல்ல உடம்புக்காரர்களில் ஓர் ஆள் குறைந்தது. நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை செய்கிற நடுத்தர வயது ஆள் வேண்டும் என்றார்கள். நாகராஜ் என்னைக் கை காட்டினார். ஏழாம் எண் நான். முதல் நாள் வியர்வை சொட்ட மிதித்தேன். மறுநாள் காலை, கல்லூரிக்குப் போகும் வழியில், மேடம் கொடுத்தனுப்பிய கஞ்சி மாவை ஸ்டெல்லா வீட்டில் கொடுக்கப் போனேன். ஜன்னலை மூடி இருட்டில் படுத்திருந்தார். தெரசம்மா வழக்கம்போல் ஏதோ சொன்னார். எனக்குச் சின்னப்பன் வீட்டு ஜன்னல் ஞாபகம் வந்துவிட்டது.

இரண்டாம் நாள் எல்லோரும் இறங்குவதுதான் மேடத்துக்கு வேண்டியது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். என்னைப் போன்றவர்கள் இறங்காமல் இருந்தால்தான் அவர்கள் இறங்கியதற்கு அர்த்தம் என்பது எனக்குத் தெரியாது. யாரிடமாவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். கேட்கவில்லை. சைக்கிளில் ஏறிப் பாதியிலேயே காலைத் தளர்த்தினேன். கண்ணை மூடினேன். கையைத் துவளவிட்டுத் தலையைத் தொங்கப்போட்டேன்.

மேடம் மிஷினிலிருந்து வந்த தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார்.

“என்ன ஆச்சு சவரி?”

“கால் வலிங்க மேடம்.”

‘கால் வலி என்றார்’ என்று எழுதிக்கொண்டார்.

அன்று மாலையே நாகராஜிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டேன், எங்களையெல்லாம் எதற்கு மிதிக்க வைக்கிறீர்கள் என்று. அவர் விளக்கினார். கேட்கக் கேட்க என் காதெல்லாம் சூடாகிவிட்டது. அந்த நோயாளிகள் பட்ட பாட்டை நான் வீணடித்துவிட்டேன். அடுத்த இரண்டு வாரம் எனக்கு எதுவும் ஓடவில்லை. ஸ்டாண்டில் உட்கார்ந்தால் எழுந்து நடப்பேன். நடந்தால் வண்டியைத் துடைப்பேன். லூர்து, “வண்டிக்கு மேல்தோலே உரிஞ்சிடும் போல. என்னத்தத் திருடிட்டு வந்தீங்க?” என்றாள்.

குழு வருவதற்கு நான்கு நாள் முன்பு, மேடத்தை வீட்டுக்குக் கொண்டுவிடும்போது, ஒரு சிக்னலில் வண்டி நின்றது. முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பதால்தான் அன்று வாய் வந்தது.

“மேடம், அன்னிக்கு எனக்குக் கால் வலியே இல்லீங்க.”

“தெரியும்.”

திரும்பிப் பார்த்துவிட்டேன். பின்னால் இருந்த வண்டிகள் ஹாரன் அடித்தன. ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்தினேன்.

“உங்க மூச்சு சொல்லிடுச்சு. நெஜமாவே முடியாம நிறுத்தறவங்களுக்கு உள்ள போற காத்தும் வெளிய வர்ற காத்தும் ஒரு கட்டத்துல கணக்கு மாறிடும். அதை யாரும் வேணும்னு செய்ய முடியாது. நீங்க தலையைத் தொங்கப் போட்டிருந்தீங்க, மூச்சு பார்க்ல உக்காந்த மாதிரி இருந்தது.”

“அப்ப ஏங்க என்னைக் கேக்கல?”

“கேட்டேனே. கால் வலின்னீங்க. எழுதிக்கிட்டேன்.”

“அந்தத் தாளைக் கிழிச்சுப் போட்ருங்க மேடம்.”

“கிழிச்சா, இப்ப நீங்க வந்து சொன்னதும் போயிடும்.” பையிலிருந்து பதிவேட்டை எடுத்தார். ‘கால் வலி என்றார்’ என்பதன்மேல் ஒரு கோடு. “மணி என்ன?”

“நாலே காலுங்க.”

எழுதி மூடினார். வீட்டுக்கு ஓட்டினேன். இறங்கியவர் உள்ளே போகாமல், கோடு போட்ட அந்தப் பெயர்ப்பலகைக்கு முன்னால் நின்று திரும்பினார்.

“குழு என்கிட்ட ஒரே கேள்விதான் கேக்கப் போறாங்க. இவங்க நடிக்கலைன்னு எப்படித் தெரியும்னு. நடிச்சா எப்படி இருக்கும்னு காட்ட இதுவரைக்கும் என்கிட்ட ஆள் இல்ல. உங்க தாளைக் காட்டட்டுமா? பேர் இருக்காது. ஏழுன்னு மட்டும்தான் இருக்கும்.”

பேர் இருக்காது என்றதும் சம்மதித்தேன்.

குழுவில் ஐந்து பேர். நான் ஃபைல் பெட்டிகளை ஏற்றிவிட்டு அறை வாசலில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்தே இருந்தது. பேச்செல்லாம் இங்கிலீஷில். நாகராஜ் வாசலில் நின்று எனக்கு மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மேடம் நோயாளிகளின் தாள்களைத் திரையில் காட்டினார். பிறகு ஏழாம் எண்ணைக் காட்டினார்.

தலைவராக இருந்த பெரியவர், “இவர் நடித்தார் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?” என்று கேட்டார்.

“அவரே சொன்னார்.”

“யார் அவர்?”

“பெயரைச் சொல்வதில்லை என்று அவரிடம் ஒப்புக்கொண்டிருக்கிறேன்.”

“அப்படியானால் இதை எப்படி எடுத்துக்கொள்வது? உண்மையிலேயே அன்று அவருக்கு உடம்பு சரியில்லாமல் இருந்திருக்கலாமே. இந்தத் தாளை விட்டுவிட்டு மேலே போங்கள்.”

நாகராஜ் இதைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் மேடத்தைப் பார்த்தேன். அவர் வாசல் பக்கம் திரும்பவே இல்லை. கையில் பேனா மட்டும் டிக் டிக்கென்று போய்க்கொண்டிருந்தது. ஒரு முறை திரும்பிப் பார்த்திருந்தால் நான் தலையைக் குனிந்திருப்பேன். அவர் பார்க்காததுதான் என்னை எழுப்பியது.

உள்ளே போய் நின்றேன். தொண்டையைச் செருமினேன். இரண்டாம் முறையும் செருமினேன்.

“நான்தாங்க அந்த ஏழு.”

தமிழில்தான் வந்தது. குழுவில் இருந்த ஓர் அம்மாவுக்குத் தமிழ் தெரியும். மற்றவர்களுக்குச் சொல்லிவிட்டு என்னிடம் கேட்டார்.

“ஏன் அப்படிச் செஞ்சீங்க?”

“எல்லாரும் ரெண்டாம் நாள் விழுந்தாங்க. நான் மட்டும் விழலைன்னா மேடத்தோட கணக்கு தப்பாயிடும்னு நெனச்சனுங்க.”

சிரித்தார்கள். அந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

“மேடத்துக்கு உதவணும்னு நீங்க நடிச்சீங்க. அவங்களும் அதே மாதிரி நினைச்சு நடிச்சிருக்கலாம் இல்லையா?”

இதற்கு மேடம் பதில் சொல்வார் என்று நின்றேன். ஆனால் கேட்டது என்னைத்தான்.

“நடிச்ச அன்னிக்குச் சாயங்காலம் நான் நாலு சவாரி ஓட்டினனுங்க. அவங்கள்ல ஒருத்தங்கள நான் மாடிக்குத் தூக்கிட்டுப் போனனுங்க. ரெண்டும் இதுல இருக்குது.”

சட்டைப் பையில் இருந்த என் சின்ன நோட்டை நீட்டினேன். அந்த அம்மா வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். மூன்று முப்பது, மூன்று ஐம்பத்தெட்டு என்று எழுதிய இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, “ரெண்டு மாடிக்கு இருபத்தெட்டு நிமிஷமா?” என்றார்.

“வழியில மூணு இடத்துல உக்கார வச்சனுங்க.”

“இங்க ரெண்டு இடத்துலயும் ஏன் அடிச்சிருக்கு?”

“அது தப்பா எழுதினதுங்க. மூணு இருபத்தேழு, மூணு ஐம்பத்தஞ்சுன்னு எழுதிட்டேன். என் கடிகாரம் மூணு நிமிஷம் பின்னால இருந்துச்சு.”

அவர் நோட்டைப் பெரியவரிடம் நகர்த்தினார். அதன் பிறகுதான் மேடம் ஸ்டெல்லாவின் மூச்சுத் தாளையும் என் மூச்சுத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டினார். நான் வெளியே வந்து குழாயடியில் முகத்தைக் கழுவினேன். கழுவிக்கொண்டே இருந்தேன்.

அடுத்த வருடம் மேடம் ஓய்வு பெற்று ஹூப்ளியில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். சைக்கிள் விளையாட்டுப் பிரிவுக்கே திரும்பிப் போயிற்று. அவர் நம்பர் என்னிடம் இருக்கிறது. பலமுறை எடுத்துப் பார்த்துவிட்டு, பேசாமல் வைத்திருக்கிறேன். அவரை நினைக்கும்போது அந்த அறையோ குழுவோ என் நினைவுக்கு வருவதில்லை. கடிதம் வந்த நாளின் மதியம்தான் வருகிறது.

கடிதத்தில் இரண்டு பத்தி. முதல் பத்தி, இந்த நோய் முன்னுரிமைப் பட்டியலில் இல்லாததால் நிதி தர இயலாது என்றது. இரண்டாவது பத்தி, சோதிக்கப்பட்ட நோயாளிகள் முழு முயற்சி செய்தார்கள் என்பதில் குழுவுக்கு ஐயமில்லை என்றது. நாகராஜ் முதல் பத்தியை இரண்டு முறை படித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மேடம் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு நகல் எடுக்கச் சொன்னார். கீழே அதையே தமிழிலும் கன்னடத்திலும் தன் கையால் எழுதினார்.

“ரெண்டாவது பத்தியை மட்டும் நகல் எடுக்கலாமே மேடம். இல்லைன்னு சொன்னதை எதுக்கு அவங்களுக்குக் காட்டணும்?” என்றார் நாகராஜ்.

“ரெண்டும் ஒரே கடிதம்.”

முதல் வீடு ஸ்டெல்லாவுடையது. மேடம் வண்டியை விட்டு இறங்கவில்லை. “நீங்களே குடுங்க. என்னைப் பார்த்தா அந்தப் பொண்ணு எழுந்து உக்காரப் பாக்கும். அது அந்த உடம்புக்கு ஆகாது” என்றார்.

நான் மேலே போனேன். ஸ்டெல்லா படுத்தபடியே தாளை வாங்கி மெதுவாகப் படித்தார். முதல் பத்தி முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டார். நான் போய்விடலாமா என்று நின்றேன். பிறகு இரண்டாவது பத்தியைப் படித்தார். தாளை அம்மாவிடம் நீட்டினார். தெரசம்மா கண்ணாடியைத் தேடி எடுத்து, வாய்க்குள்ளேயே படித்தார். ஒரு முறை படித்துவிட்டு, மறுபடி அந்த இரண்டாவது பத்தியிலிருந்து ஆரம்பித்தார். தாளை மடித்தார். சமையலறைக்குள் போனார். பாத்திரம் எதையோ நகர்த்துகிற சத்தம் கேட்டது.

அவர் திரும்பி வரும்வரை நின்று பார்த்துவிட்டுக் கீழே வந்தேன். மேடம் பின் சீட்டில் பேனாவை அழுத்திக்கொண்டிருந்தார்.

“என்ன சொன்னாங்க?”

“ஒண்ணும் சொல்லலீங்க.”

“ஒண்ணுமேவா?”

“அந்தம்மா தண்ணிச் செம்பைக் கொண்டாந்து கட்டில் பக்கத்துல வச்சாங்க.”

டிக் டிக் சத்தம் நின்றது. மேடம் பையைத் திறந்து பதிவேட்டை எடுத்தார். ஏதோ தேடினார். ஸ்டெல்லாவின் பக்கம் முழுவதும் கட்டம் கட்டமாக நிரம்பியிருந்தது. ஓரத்தில் விரல் அகலத்துக்கு ஒரு வெற்றிடம்.

“மணி என்ன சவரி?”

“ரெண்டு பத்துங்க. என் கடிகாரம் இப்ப சரியா ஓடுது.”

ஓரத்தில் எழுதினார். எழுதியதை ஒரு முறை படித்தார். கோடு எதுவும் போடவில்லை.

“ஆயித்து. அடுத்த வீடு எது?”